மணல் மேட்டில் கண்ணாடிக் கூடு

எங்கள் அறக்கட்டளையின் வெள்ளி விழா மலருக்கு, அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று கடிதம் வந்தது. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், எழுதுவதும் அப்படியே. கடிதத்தை அலமாரி மேல் வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். போன வாரம் அங்கே போயிருந்தபோது, என்னோடு அங்கே வேலை பார்த்த ஜெசிந்தா நான்கு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டாள் என்று சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் பேனாவைத் தேடி எடுத்தேன்.

எழுத்தில் பிழை இருந்தால் அச்சுப் போடுகிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

நான் போனது மணல் தொட்டியைப் பார்க்க. தொட்டி இல்லை. அது இருந்த இடத்தில் கட்டில் அகலத்துக்கு ஒரு டிவியைப் படுக்க வைத்திருக்கிறார்கள். விரலால் தொட்டால் மலை எழும்புகிறது, இன்னொரு தரம் தொட்டால் ஆறு ஓடுகிறது. தொட்டுக் காட்டிய பெண், “பாருங்க பாட்டி, அஞ்சு நிமிஷத்துல வந்துருச்சு” என்றாள். எனக்கு அது இரண்டு நாள் வேலை. “வந்துருச்சு சரிங்க கண்ணு, கையில மண்ணு ஒட்டுதா?” என்று கேட்டேன். சிரித்தாள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சூலூரைத் தாண்டி ஒரு பழைய பஞ்சு குடோனில் அந்த அறக்கட்டளை நடக்கிறது. கர்னல் ஐயாவும், அவரோடு ராணுவத்தில் ஓய்வு பெற்ற சில அதிகாரிகளும் சேர்ந்து ஆரம்பித்தது. லாபத்துக்கு நடத்துவதில்லை. பட்டாளத்தில் இருக்கும் இளம் அதிகாரிகள் மேல்படிப்புக்குப் பெரிய பரீட்சை எழுத வேண்டும். அதற்குப் படிக்க நூலகம், சனி ஞாயிறுகளில் வகுப்பு, நடுக்கூடத்தில் மணல் தொட்டி. தொட்டியில் ஒரு நிலத்தையே சின்னதாகச் செய்து வைப்போம். அதைச் சுற்றி நின்றுகொண்டு, நீலப் படை எந்த வழியாகப் போகும், சிவப்புப் படை எங்கே மறைந்திருக்கும் என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை வாதம் செய்வார்கள். துப்பாக்கி ஒன்றுகூட அங்கே கிடையாது. சுண்ணாம்புக் கட்டியும் காகிதக் கொடியும்தான்.

நான் கூட்டிப் பெருக்கவும் டீ போடவும் சேர்ந்தவள். அதற்கு முன்னால் தோட்டங்களில் கூலி வேலை. எங்கள் அப்பன் காலத்திலிருந்து அதுதான் பிழைப்பு. மஞ்சள் காட்டுக்கும் கரும்புக் காட்டுக்கும் தண்ணீர் கட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. எந்தப் பாத்தி ஒரு விரல் தாழ்ந்திருக்கிறது என்று பார்த்த உடனே சொல்லிவிடுவேன்.

சேர்ந்த மூன்றாம் மாதம், கர்னல் ஐயாவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் மலை செய்துகொண்டிருந்தார். டீ கொண்டு போனவள் நின்று பார்த்தேன்.

“என்னங்க அம்மணி, அப்படிப் பாக்கறீங்க?” என்றார். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். டெல்லியிலும் காஷ்மீரிலும் இருந்துவிட்டு வந்தும் அந்த ‘ங்க’ போகவில்லை.

“ஒண்ணுமில்லீங்க. உங்க ஓடை மேட்டுக்கு ஏறுதுங்க.”

ஐயா குனிந்து பார்த்தார். பக்கத்தில் விரித்திருந்த நில வரைபடத்தைப் பார்த்தார். டீயைக் குடித்தார். “நாளையிலிருந்து டீ வேற யாராச்சும் போடட்டுமுங்க” என்றார். நான் தொட்டிக்குள் போனது அப்படித்தான்.

படம் பார்க்கப் பழக ஒரு வருஷம் பிடித்தது. அதைப் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை. படத்தில் பழுப்புக் கோடுகள் வளைந்து வளைந்து போகும். ஒரு கோட்டின் மேலேயே நடந்தால் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, வரப்பு மாதிரி. கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சரிவு. சில இடங்களில் கோடுகள் ஒன்றுக்குள் ஒன்றாக நாக்கு நீட்டின மாதிரி இருக்கும். அது மலையிலிருந்து நீண்டு வரும் மேடாகவும் இருக்கலாம், மலைக்குள் குடைந்து போகும் பள்ளமாகவும் இருக்கலாம். எது என்று தெரிய கோட்டின் நடுவே பொடி எழுத்தில் உயரத்தை எண்ணாகப் போட்டிருப்பார்கள். நான் அந்த எண்ணைப் பார்த்ததே இல்லை. நீலக் கோட்டைத்தான் பார்ப்பேன். நாக்குக்குள் நீலம் ஓடினால் தண்ணீர் ஓடுகிறது, தண்ணீர் ஓடினால் பள்ளம். எனக்கு அது போதுமாக இருந்தது.

செய்யும் முறையைச் சொல்லிவிடுகிறேன், இனி யாரும் செய்யப் போவதில்லை. ஆற்று மணலை இரண்டு தரம் சலித்து, புட்டு மாவுப் பதத்துக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும். பிடித்தால் நிற்க வேண்டும், ஊதினால் உதிர வேண்டும். ஒரு கைப்பிடி களிமண் சேர்த்தால் மேட்டின் விளிம்பு உடையாது. படத்தில் இருக்கும் கட்டங்களுக்குச் சரியாகத் தொட்டியின் குறுக்கே நூல் கட்ட வேண்டும். உயரத்துக்கு மூங்கில் குச்சி நட்டு, குச்சி மூடும் வரை மணல். பச்சைச் சாயம் ஏற்றிய மரத்தூள் காடு. நீலக் கோலப்பொடி தண்ணீர். திருப்பூரிலிருந்து வரும் பனியன் கம்பெனிக் கழிவு நூலில் சிவப்பைப் பொறுக்கி எடுத்தால் தார் ரோடு. தீப்பெட்டி வீடு.

ஐயா திட்டமாட்டார். செய்து முடித்ததும் வந்து ஒரு சுற்று நடப்பார். தப்பு இருந்தால், மூக்குக் கண்ணாடியின் தோல் கூட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, தப்பு இருக்கும் இடத்தில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். என்ன தப்பு என்று வாய் திறந்து சொல்ல மாட்டார். நாமே கண்டுபிடித்துச் சரி செய்து, கூட்டைக் கொண்டு போய்க் கொடுத்து, “இன்ன தப்புங்க” என்று சொல்ல வேண்டும். முதல் வருஷத்தில் அந்தக் கூடு என் மணலில் குடியே இருந்தது. பிறகு எப்போதாவது வரும். வந்தால் எனக்குக் கோபம் வராது. இவளால் கண்டுபிடிக்க முடியும் என்று நினைத்துத்தானே வைக்கிறார்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. படங்கள் வெளியார் பார்க்கக் கூடாதவை; பயிற்சி முடிந்ததும் படம் இரும்பு அலமாரிக்குப் போகும், மணலைக் கலைத்துவிட வேண்டும். அதை ஐயா ஒரு சடங்கு மாதிரி ஆக்கியிருந்தார். எல்லாரும் எழுந்து நிற்பார்கள். நிலத்தைச் செய்தவரின் கையில் ஐயா மர வாரியைக் கொடுப்பார். “நிலம் செஞ்சவங்க கலைப்பாங்க” என்பார். நான் ஒரு மூலையிலிருந்து வாரி இழுத்துக்கொண்டே வருவேன். கடைசி மேடு சாயும் வரை ஒருவரும் உட்கார மாட்டார்கள்.

‘அடியே’ என்று கூப்பிட்ட ஊரில் வளர்ந்தவள் நான். முப்பது அதிகாரிகள் எனக்காக நின்றார்கள். இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

இந்த நேரத்தில்தான் ஜெசிந்தா வந்தாள். என்னை விடப் பத்து வயது சின்னவள். கணவனை இழந்தவள். பன்னிரண்டாவது முடித்து ஆசிரியர் பயிற்சியும் படித்து, மாதா கோயில் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள். நூலகத்துக்கு என்றுதான் எடுத்தார்கள். வெள்ளை அட்டையில் இங்கிலீஷில் முத்து முத்தாக எழுதுவாள். ஒருநாள் ஐயா, என் மணலில் ஊர்ப் பெயர்களை அவளை எழுதி வைக்கச் சொன்னார். அன்று வந்த அதிகாரிகள் சுற்றி நின்று “பியூட்டிஃபுல், பியூட்டிஃபுல்” என்றார்கள். மலை என்னுடையது. அவர்கள் பார்த்தது அட்டையை.

அடுத்த மாதம் ஐயா, “மருதாயிம்மா, ஜெசிந்தாவும் மணல் வேலைக்கு வரட்டுமுங்க. உங்களுக்கும் முதுகு வலி சொன்னீங்களே” என்றார். முதுகு வலியை ஏன் சொன்னேன் என்று வீடு வரை என்னையே திட்டிக்கொண்டு போனேன்.

அவள் செய்த முதல் மேடு மத்தியானத்துக்குள் உடைந்தது. களிமண் சேர்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. “ஏனுங்க்கா, உங்களுது மட்டும் எப்படி நிக்குதுங்க?” என்று கேட்டாள். “கைராசி அம்மணி” என்றேன். மறுநாள் பூச்சி மருந்து அடிக்கும் சின்னப் பம்பில் சோற்றுக் கஞ்சியைத் தண்ணீராகக் கரைத்துக் கொண்டு வந்து மேட்டின் மேல் தூவினாள். காய்ந்ததும் சுட்ட ஓடு மாதிரி நின்றது. என் களிமண்ணை விட நன்றாகவே நின்றது. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அப்புறம் சல்லடையை ஒளித்து வைத்தேன். அவள் ஊரிலிருந்து ஒன்று வாங்கி வந்தாள். பேருக்குக்கூடக் கோபப்படமாட்டாள். “அக்கா, அக்கா” என்றே இருப்பாள். திட்டுகிறவளோடு சண்டை போடலாம், இவளை என்ன செய்வது? திருச்சியிலிருந்து வந்த ஒரு கேப்டன் தம்பி கேலிக்காரர். “அக்கா, உங்க தொட்டியில நீலம் சிவப்புன்னு ரெண்டு படை இருக்குது. நீங்களும் ஜெசிந்தா அக்காவும் எந்தெந்தக் கலர்ங்க?” என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். ஜெசிந்தாவும் சிரித்தாள். நான் மணலைச் சலித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் டெல்லியிலிருந்து ஒரு பெரிய ஜெனரல் வந்து பயிற்சியைப் பார்ப்பதாக ஏற்பாடு. ஐயா தொட்டியின் நடுவே ஒரு நூலைக் கட்டினார். மேற்குப் பாதி எனக்கு, கிழக்குப் பாதி அவளுக்கு. “நல்லா அமைஞ்ச பாதி யாருதோ, அவங்க கையில வாரி. ஜெனரல் முன்னாடி” என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு விளையாட்டாக இல்லை.

அந்தப் படம் வறண்ட சீமை. முழுப் படத்திலும் ஒரு நீலக் கோடு கிடையாது. நடுவில் ஒரு பெரிய நாக்கு. அடி என் பாதியில், நுனி அவள் பாதியில். நீலம் இல்லாததால் எனக்குக் கொஞ்சம் தடுமாற்றம்தான். ஆனால் இருபுறமும் உயரமாக இருக்கிற மாதிரி தோன்றியது. பள்ளம் என்று முடிவு செய்து நன்றாகக் குடைந்துவிட்டேன். இரண்டாம் நாள் சாயங்காலம் நூலுக்கு வந்து சேர்ந்தோம். என் பக்கம் பள்ளம். அவள் பக்கம் மேடு. நூலின் கீழே படிக்கட்டு மாதிரி நின்றது.

“அக்கா, இது மேடுங்க்கா.”

“யாரு சொன்னது?”

“எண்ணு சொல்லுதுங்க. வெளிக் கோட்டுல கம்மி, உள்ள போகப் போக ஜாஸ்தி. அப்ப நடுவு ஒசரந்தானுங்க?”

“ஏம்மணி, நான் மண்ணுலயே பொறந்து மண்ணுலயே கெடந்தவ. உனக்கு எண்ணு தெரியும், எனக்கு நெலம் தெரியும். நான் செஞ்சது பள்ளம்.”

“ஒருக்கா லென்ஸ் வெச்சுப் பாருங்க்கா.”

“என்ற கண்ணு நல்லாத்தான் இருக்குது. நீ பழகினது ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகளோட. அதே மாதிரி எனக்குப் பாடம் எடுக்காத.”

அவள் முகம் சிவந்தது. கையிலிருந்த லென்ஸைப் படத்தின் மேலேயே வைத்தாள். பிறகு, “சரீங்க்கா. நீங்க பெரியவங்க, சொன்னாச் சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லி, தன் மேட்டைத் தன் கையாலேயே இடித்து, பள்ளமாகக் குடைந்து, என் பள்ளத்தோடு சேர்த்தாள். கஞ்சி தூவினாள். கையைக் கழுவிக்கொண்டு ஐந்து மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

நான் ஜெயித்துவிட்டேன். ஆனாலும் கால் வாசலுக்கு நகரவில்லை. திரும்பி வந்து லென்ஸை எடுத்தேன். பஸ் நம்பர் படிக்கிற எனக்கு அந்த எண் படிக்கத் தெரியாமல் இல்லை. வெளிக் கோடு நானூற்று இருபது. அதற்குள் நானூற்று நாற்பது. அதற்குள் நானூற்று அறுபது. மேடு. அவள் சொன்னது சரி.

வெளிச்சம் இருந்தது. காவல்காரர் பூட்ட ஆறரை ஆகும். இரண்டு பாதியையும் சரி செய்ய எனக்கு நேரம் இருந்தது. இதைத்தான் எழுத வந்தேன்: என் பாதியை மட்டும் சரி செய்தேன். பள்ளத்தை நிரப்பி, அழகான மேடாக ஏற்றி, விளிம்பைத் தேய்த்து, நூல் வரை கொண்டு வந்து நிறுத்தினேன். நூலுக்கு அந்தப் பக்கம், எனக்காக அவள் குடைந்த பள்ளம் அப்படியே கிடந்தது. அதைத் தொடாமல் விளக்கை அணைத்துவிட்டு வந்தேன்.

காலை எட்டு மணிக்கு அவள் என்னை முந்திக்கொண்டு வந்திருந்தாள். தொட்டி ஓரம் நின்றிருந்தாள். என் மேட்டைப் பார்த்தாள், தன் பள்ளத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசுவதற்குள் ஐயா வந்துவிட்டார். ஒரு சுற்று நடந்தார். கண்ணாடிக் கூட்டை எடுத்து அவள் பள்ளத்தில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

ஜெனரல் வர ஒன்றரை மணி நேரம் இருந்தது. அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். நான் மணல் சலித்துக் கொடுத்தேன், அது மட்டும் செய்தேன். மேடு எழும்பியது. கூட்டைக் கொண்டு போய் ஐயாவிடம் கொடுத்து, “மேட்டைப் பள்ளமாப் பண்ணிப்போட்டேனுங்க ஐயா” என்றாள். பண்ணிப்போட்டோம் என்றுகூட இல்லை, பண்ணிப்போட்டேன்.

பயிற்சி நன்றாக நடந்தது. நீலப் படை அந்த மேட்டுக்குப் பின்னால்தான் பீரங்கியை மறைத்தது. சாயங்காலம் எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஐயா வாரியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். கையை நீட்டினேன். அவர் வாரியைக் கொடுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்து, குனிந்து, என் மேட்டின் மேல் வைத்தார். சரியாக இருந்த என் மேட்டின் மேல்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. முதல் நாள் செய்த மணல் இரவில் காய்ந்து வெளுத்துப் போகும். அன்று காலை அவர் சுற்றி நடந்தபோது முழுத் தொட்டியும் வெளுத்திருக்க, அவளுடைய தப்புப் பள்ளம்கூட வெளுத்திருக்க, கடைசியில் புதிதாகத் தண்ணீர் தெளித்துக் குவித்த என் மேடு மட்டும் ஈரமாகக் கறுத்து இருந்திருக்கிறது. கடைசியாகத் தொட்டது யார், எதைத் தொட்டார்கள், எதை விட்டார்கள் என்று நிலமே காட்டிக் கொடுத்துவிட்டது.

ஜெனரல் வேடிக்கை பார்த்தார். முப்பது பேரும் நின்றார்கள். நான் கூட்டை எடுத்தேன். என்ன தப்பு என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும், அதுதான் வழக்கம்.

“இதுல தப்பு ஒண்ணுமில்லீங்க ஐயா” என்றேன்.

“அப்படிங்களா” என்றார். கூட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வாரியைக் கொடுத்தார். “நிலம் செஞ்சவங்க கலைப்பாங்க.” நான் கலைத்தேன். என் பாதியை எப்படிக் கலைத்தேன், அவள் பாதியை எப்படிக் கலைத்தேன் என்று எனக்கு நினைவில்லை.

குழாயடியில் கை கழுவும்போது ஜெசிந்தாவிடம், “ஏம்மணி, ஐயாகிட்டச் சொல்லிப்போட்டயா?” என்று கேட்டேன்.

“என்னத்தைங்க்கா சொல்றது? நான்தானுங்க இடிச்சேன். என்ற கண்ணு பார்த்த எண்ணை விட்டுப்போட்டு நீங்க சொன்னதைக் கேட்டேன். அது என்ற தப்புங்க” என்றாள். “இனிக் கேக்க மாட்டேன்.”

அடுத்த நாளே அவள் ஐயாவிடம் போய், புத்தகம் நிறையச் சேர்ந்துவிட்டது, நூலகத்திலேயே இருந்துகொள்கிறேன் என்றாள். அதன் பிறகு ஓய்வு பெறும் வரை தொட்டி முழுவதும் எனக்கே. வாரியும் எனக்கே. நான் ஆசைப்பட்டது அப்படியே கிடைத்தது.

ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. அந்தக் கூடு அதற்குப் பிறகு என் மணலில் உட்காரவே இல்லை. தப்புச் செய்யாமல் இல்லை, செய்தேன். ஐயா வருவார், “இந்த ரோடு வடக்கே போகணுமுங்க” என்று வாயாலேயே சொல்லிவிட்டுப் போவார். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிற மாதிரி. நூலகத்தில் ஜெசிந்தா தப்பாக அடுக்கிய புத்தகத்தின் மேல் மட்டும் அந்தக் கூடு போய் உட்காரும். அந்தப் பக்கம் போகும்போது எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்த நாளெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது.

அவள் எழுதிய நான்கு பக்கத்தையும் போன வாரம் அலுவலகத்தில் கேட்டு வாங்கி, அங்கேயே உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். மத்தியானம் முழுக்க ஆனது. எல்லாம் புத்தகங்களைப் பற்றி. மணலைப் பற்றி ஒரே வரி: ‘மணல் பதம் பார்க்க மருதாயி அக்காவைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.’ நான் அவளுக்கு ஒன்றுமே சொல்லிக் கொடுத்ததில்லை. என்னைத் திட்டி எழுதியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்த ஒரு வரியிலும் அவள் என்னை முந்திவிட்டாள்.

இப்போது ஐயா கோவையில் மகள் வீட்டில் இருக்கிறார். பார்வை முழுக்கப் போய்விட்டது. வாரம் ஒரு நாள் ஜெசிந்தா பஸ் ஏறிப் போய் அவருக்குப் படித்துக் காட்டுகிறாளாம். அதைக் கேட்டபோதும் எரிந்தது, மறைக்கவில்லை. எனக்கு அந்த மாதிரி படித்துக் காட்ட வராது.

மலர் வந்தால் அதையும் அவள்தான் படிப்பாள். ஜெசிந்தா கண்ணு, இந்த இடம் வந்ததும் உனக்குக் குரல் தாழும், உன் குணம் எனக்குத் தெரியும். தாழ்த்தாதே. ஐயா காதில் விழுகிற மாதிரி படி: அந்த மேட்டில் தப்பு இருந்ததுங்க ஐயா. பாதியைத்தான் சரி செஞ்சேனுங்க.